செடல் திருவிழாவும் குழாய் ஸ்பீக்கரும்: பகலில் தூங்குகிறவனுக்கு எந்தச் சட்டம்?

மூணாவது ஷிப்ட் எழுதியது:

கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வாரம் விட்டு வாரம் இரவு ஷிப்ட். காலை ஏழரைக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, இரண்டு இட்லி தின்று படுத்தால் மத்தியானம் இரண்டு வரையாவது தூங்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ராத்திரி கண் சொருகும். நான் நிற்பது பாய்லர் பக்கம். அங்கே கண் சொருகினால் எனக்கு மட்டும் ஆபத்து இல்லை.

எங்கள் தெருமுனையில் அம்மன் கோயில். ஆடியில் காப்பு கட்டிய நாளிலிருந்து செடல் (உடம்பில் அலகு, கொக்கி குத்தி வேண்டுதல் செலுத்துவது) முடிந்து மஞ்சள் நீராட்டு வரைக்கும் மின்கம்பத்துக்கு ஒரு குழாய். அதில் ஒன்று நேராக என் ஜன்னலைப் பார்க்கிறது. காலை ஐந்துக்கு அம்மன் பாட்டோடு தொடங்கும். பத்து மணிக்கு மேல் பையன்கள் கைக்குப் போய்விடும், சினிமாப் பாட்டுதான். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன், பேனை ஐந்தில் வைத்துப் பார்த்தேன். குழாய்ச் சத்தம் அதையெல்லாம் கிழித்துக்கொண்டு வருகிறது.

கோயிலுக்கு வரி கொடுக்கிறவன்தான் நானும். சின்ன வயதில் வேண்டுதலுக்குச் செடல் போட்டவன். சாமி மேல் எந்தக் குறையும் இல்லை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பகலுக்கு ஏதாவது அளவு உண்டா? யாரிடம் போய்ச் சொல்வது? மதச் சண்டை ஆக்காமல் பதில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கெடிலக்கரை எழுதியது:

வருஷத்தில் பத்து நாள் சார். சிப்காட் நாற்றத்தை 365 நாளும் ஊரே மூச்சில் இழுக்கிறது. அதற்கு எப்போதாவது இங்கே ஒரு விவாத இழை போட்டீர்களா? அம்மனுக்கு மட்டும் டெசிபல் கணக்கா?

மூணாவது ஷிப்ட் எழுதியது:

நாற்றத்துக்கும் போடுவேன். வேலை போனால் நீங்கள் சோறு போடுவீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

கோர்ட் வளாகம் எழுதியது:

கேட்ட கேள்விக்கு முதலில் பதில். பகலுக்கும் அளவு உண்டு. நிறைய பேர் பத்து மணி விதியை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் அலறவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இன் கீழ் மத்திய அரசு 2000இல் ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கடைத்தெருவுக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி, அங்கே 50, 40. பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10. ஆக ஐந்து மணிப் பாட்டு சட்டப்படி இரவுப் பாட்டு.

ஒலிபெருக்கிக்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறது. பொது இடத்தில் வைக்கும் ஒலிபெருக்கியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்கான அளவை 10 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது, அல்லது 75. இரண்டில் எது குறைவோ அது. உங்கள் தெருவுக்கு 55ஓடு 10, ஆக 65. அதற்கும் முதலில் எழுத்துமூல அனுமதி வேண்டும். நம் ஊரில் அதை ‘மைக் பர்மிஷன்’ என்பார்கள்.

புகாரைக் கேட்க வேண்டிய அதிகாரி கலெக்டர், அல்லது அதற்கென நியமிக்கப்பட்ட டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. ஏட்டைப் பார்த்து வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது புகார் ஆகாது. எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். முன்பு இந்தச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை சிறை என்று இருந்தது. ஜன் விஸ்வாஸ் திருத்தத்துக்குப் பிறகு, 2024 ஏப்ரலிலிருந்து, அபராதம்தான்: 10 ஆயிரம் முதல் 15 லட்சம் வரை. ஒரு தெருக் கோயில் கமிட்டிக்கு அந்தப் பத்தாயிரமே பெரிய தொகை. அதனால்தான் சொல்கிறேன், புகாரைக் கடைசி ஆயுதமாக வையுங்கள்.

நாத்திகன் 51 எழுதியது:

அரசியல் சட்டம் 51ஏ பிரிவு அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்கிறது. சாமிக்குக் காது கேட்காதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், குழாயெல்லாம் தானாக இறங்கும். எல்லா மதத்தின் ஒலிபெருக்கியும் மூடநம்பிக்கையே.

கோர்ட் வளாகம் எழுதியது:

நண்பரே, அது 1976இல் 42ஆவது திருத்தத்தில் வந்த அடிப்படைக் கடமை. அதை வைத்து நீதிமன்றத்தில் பக்கத்து வீட்டுக்காரரை இழுக்க முடியாது. இங்கே உதவுவது 25ஆவது பிரிவின் முதல் வார்த்தைகள்தான். மத சுதந்திரம் உண்டு, ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. தூக்கம் உடல்நலம். சாமி உண்டா இல்லையா என்று யாரும் தீர்ப்புச் சொல்லத் தேவையே இல்லாமல் இந்தப் பிரச்சினையை முடிக்கலாம். பக்தரும் பகுத்தறிவாளரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம், அதுதான் இதில் இருக்கிற வசதி.

பண்ருட்டிப் பலா எழுதியது:

கோயிலுக்கு மட்டும் எல்லாரும் சட்டம் பேசுகிறீர்கள். தினமும் ஐந்து வேளை வருகிற சத்தத்துக்கு ஒருத்தராவது டெசிபல் மீட்டர் எடுத்துக்கொண்டு போனதுண்டா?

*[இதற்குக் கீழே வந்த ஏழு பதில்கள் நீக்கப்பட்டன. சத்தத்தைப் பற்றிப் பேசுங்கள், சாதி மதத்தைத் திட்டுகிறவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. நெறியாளர்]*

வில்லியனூரான் எழுதியது:

புதுச்சேரியிலிருந்து. பலாவுக்கு நியாயமான பதில் ஒன்று இருக்கிறது. உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் சொன்ன முக்கியமான தீர்ப்பு கோயில் மேலும் இல்லை, மசூதி மேலும் இல்லை. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகரில் ஒரு சர்ச். டிரம், கிடார், மைக் வைத்து ஆராதனை. குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. 2000 ஆகஸ்ட் 30இல் தீர்ப்பு. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் பிரார்த்தனை செய் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். மசூதி விஷயத்தில் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2020இல் அதையே சொன்னது: பாங்கு மதத்தின் பகுதி, ஒலிபெருக்கி மதத்தின் பகுதி அல்ல. மும்பை உயர் நீதிமன்றமும் 2025 ஜனவரியில் ஒலிபெருக்கி எந்த மதத்துக்கும் இன்றியமையாதது அல்ல என்றது. ஆக மூன்று பக்கமும் வரிசையில் நிற்கிறது, வருத்தப்பட வேண்டாம்.

எங்கள் ஊருக்கு இது பழைய கதை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1700களின் தொடக்கத்தில் யேசு சபைப் பாதிரிமார்கள் கோயில் வழிபாட்டுக்கும் ஊர்வலத்துக்கும் கட்டுப்பாடு கேட்டார்கள். நெசவாளரும் வியாபாரிகளும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போகிறோம் என்று கிளம்ப, கவர்னர் இறங்கி வந்தார். துணி போனால் கம்பெனி போச்சு. அப்போது தராசில் இருந்தது வியாபாரம், டெசிபல் இல்லை.

கோர்ட் வளாகம் எழுதியது:

வில்லியனூரான் சொன்ன சர்ச் வழக்கில் யாரும் கவனிக்காத ஒரு சங்கதி. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி போய் அளந்தார். இடைக்கால அறிக்கையில் அந்த இடத்துச் சத்தத்துக்கு மாதவரம் நெடுஞ்சாலை வண்டிகளும் காரணம் என்று வந்தது. சர்ச் தரப்பு அதைத்தான் வாதமாக வைத்தது. எடுபடவில்லை, அது வேறு. ஆனால் அளந்த பிறகுதான் எவ்வளவு சாமி, எவ்வளவு லாரி என்று பேசவே முடிந்தது.

ஓய்வு பெற்ற இயற்பியல் எழுதியது:

அளவு என்றதும் வந்துவிட்டேன். 36 வருஷம் மேல்நிலைப் பள்ளியில் ஒலியியல் நடத்தியவன். ஒரு கணக்கு போடலாம்.

டெசிபல் மடக்கைக் கணக்கு. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. காதுக்கு அவ்வளவு தெரியாது, 10 டெசிபல் ஏறினால் ‘இரண்டு மடங்கு சத்தம்’ போலத் தோன்றும். அதனால்தான் 65 எங்கே 90 எங்கே என்று ஜனங்கள் அலட்டிக்கொள்வதில்லை.

ஒரு குழாயின் வாயிலிருந்து 1 மீட்டரில் 110 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள், முழுசாகத் திறந்துவிட்ட குழாய்க்கு இது அதிகமில்லை. தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 90. 40 மீட்டரில் 78. வக்கீல் சொன்ன 65 வர வேண்டுமானால் கிட்டத்தட்ட 180 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். நம் தெருக்களில் 180 மீட்டருக்குள் அடுத்த அம்மன் கோயிலே வந்துவிடும்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். குழாய்க்கு 10 மீட்டர் தள்ளி ஒரு வீடு. அங்கே 65 வேண்டும். 90லிருந்து 25 டெசிபல் இறக்க வேண்டும். 25 டெசிபல் என்றால் ஆற்றல் சுமார் 316இல் ஒரு பங்கு. 30 வாட்ஸ் போகிற குழாய்க்கு 0.1 வாட்ஸ் கொடுத்தால் போதும். ‘கொஞ்சம் குறைத்து வையுங்கள் தம்பி’ என்று நாம் கேட்டு, அவர்கள் குமிழை ஒரு நூல் திருப்பி, ‘குறைச்சாச்சு சார்’ என்று சொல்வது ஏன் எதற்கும் உதவுவதில்லை என்பது இப்போது புரியும்.

திரு. ஷிப்டுக்கு ஒரு கேள்வி. உங்கள் வீடு கோயிலுக்கு மேற்கேயா?

மூணாவது ஷிப்ட் எழுதியது:

ஆமாம் சார், மேற்கேதான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஓய்வு பெற்ற இயற்பியல் எழுதியது:

முற்பகல் முடியும்போது கடல் காற்று ஏறும், கிழக்கிலிருந்து. காற்று தரைக்குப் பக்கத்தில் மெதுவாகவும் மேலே வேகமாகவும் அடிக்கும். அதனால் காற்று போகிற திசையில் போகும் ஒலி கீழ்நோக்கி வளையும், மாடியைத் தாண்டிப் போக வேண்டிய சத்தமும் ஜன்னலில் இறங்கும். எதிர்த்திசையில் மேல்நோக்கி வளைந்து போய்விடும். கோயிலுக்குக் கிழக்கே இருக்கிறவர்கள் ‘எங்களுக்கு ஒன்றும் அவ்வளவு கேட்கவில்லையே’ என்றால் அவர்கள் பொய் சொல்லவில்லை. கமிட்டிக்காரர்கள் வீடு எந்தப் பக்கம் என்று விசாரியுங்கள்.

ராத்திரி இதற்கு வேறு காரணம். தரை குளிர்ந்து மேலே காற்று சூடாக இருந்தால் அப்போதும் ஒலி கீழே வளையும். ஆறு தெரு தள்ளி நடக்கும் நிகழ்ச்சி பின்னிரவில் வாசலில் நடப்பது போலக் கேட்பது இதனால்தான்.

கெடிலக்கரை எழுதியது:

சார், செல்போனில் ஒரு ஆப் இருக்கிறது, என் வீட்டு வாசலில் 84 காட்டுகிறது. நான் கமிட்டிப் பக்கம் நிற்கிறவன்தான், சும்மா போட்டுப் பார்த்தேன்.

ஓய்வு பெற்ற இயற்பியல் எழுதியது:

போன் மைக் பேசுவதற்கு அமைத்தது, தரப்படுத்தாத அளவு. அதை வழக்கில் நீட்ட முடியாது. ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்துக் குழாயைத் திருப்பும் முன்னும் பின்னும் பார்த்தால் வித்தியாசம் நம்பும்படி இருக்கும்.

முகவீணை எழுதியது:

எல்லாரும் பகல் பேசுகிறீர்கள், நான் ராத்திரி பேசுகிறேன். எங்கள் ஊர் திருவிழாவில் கடைசி நாள் தெருக்கூத்து. பத்து மணிக்குக் களரி கட்டினால் கட்டியங்காரன் வந்து, திரை பிடித்து, பெரிய வேஷம் வெளியே வரவே பன்னிரண்டு ஆகும். விடிகிறபோதுதான் மங்களம். மிருதங்கம், தாளம், முகவீணை, ஆர்மோனியம். இந்த விதியில் எங்களுக்கு இடம் எங்கே?

கோர்ட் வளாகம் எழுதியது:

இல்லை. ஒளித்துப் பேசி என்ன ஆகப்போகிறது. 2010இல் விதியைத் திருத்தினார்கள். இரவில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி மட்டும் அல்ல, இசைக்கருவியும் கூடாது என்று ஆகிவிட்டது. எழுத்துப்படி பார்த்தால் மைக் இல்லாமல் முகவீணை ஊதினாலும் குற்றம். மாநில அரசு திருவிழாக் காலத்தில் வருஷத்துக்கு 15 நாள் வரை தளர்வு தரலாம், அதுவும் நள்ளிரவு 12 வரை மட்டும். உங்கள் பெரிய வேஷம் வெளியே வருகிற நேரத்தில் சட்டப்படி எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

முகவீணை எழுதியது:

சினிமாப் பாட்டைப் பகலெல்லாம் குழாயில் போடுகிறவனுக்குப் பர்மிஷன் கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஆடுகிறவன் குற்றவாளி. என் தாத்தா காலத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மைக் இல்லாமல் ஆடினார்கள், கடைசி வரிசைக்குக் கேட்டது. மைக் வந்த பிறகுதான் குரலும் போயிற்று, கடைசி வரிசைக்கு அப்பால் தூங்குகிறவன் தூக்கமும் போயிற்று. மைக்கை எடுங்கள், கூத்தை விடுங்கள் என்று சட்டம் சொல்லியிருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

மூணாவது ஷிப்ட் எழுதியது:

இதுதான் எனக்கும் உறைக்கிறது. சட்டம் எழுதியவர் எல்லாரும் ராத்திரி தூங்கிப் பகலில் வேலைக்குப் போகிறார்கள் என்று நினைத்து எழுதியிருக்கிறார். சிப்காட், நெய்வேலி, ஆஸ்பத்திரி நர்ஸ், மீன்பிடித் துறைமுகம் என்று இந்த மாவட்டத்தில் பகலில் தூங்குகிற வீடு தெருவுக்கு இரண்டு இருக்கும். எனக்கு நள்ளிரவுக் கூத்தால் ஒரு தொந்தரவும் இல்லை, அந்த நேரம் நான் பாய்லர் பக்கம் இருக்கிறேன். என்னைக் கொல்வது காலைப் பத்து மணிப் பாட்டு. அதற்குப் பர்மிஷன் இருக்கிறது.

கோர்ட் வளாகம் எழுதியது:

பர்மிஷன் நேரத்துக்கு. அளவுக்கு அல்ல. அந்த 65 உங்களுக்கும் பொருந்தும். யாரும் அளப்பதில்லை என்பதால் இல்லாதது போல இருக்கிறது.

திருப்பாப்புலியூர் அக்கா எழுதியது:

நான் எங்கள் தெருக் கோயிலில் சாகை வார்த்தல் (கூழ் ஊற்றுவது) வேலை எல்லாம் பார்க்கிறவள். உள்ளே இருந்து ஒன்று சொல்கிறேன் தம்பி. அந்தக் குழாயில் பாட்டை யாரும் கேட்பதில்லை. கூழ் கிளறுகிற எங்களுக்கே ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காமல் கத்திக்கொண்டு நிற்போம். குழாய் எதற்கு என்றால், நன்கொடை பெயர் வாசிக்க. ‘இன்னார் குடும்பத்தார், இத்தனை ரூபாய், ஒரு மூட்டை கேழ்வரகு’ என்று மைக்கில் வந்தால் அது கடைசி வீடு வரை கேட்க வேண்டும். கேட்டால்தான் அடுத்த வீட்டுக்காரர் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பார். பாட்டு, இரண்டு அறிவிப்புக்கு நடுவில் வாய் சும்மா இருக்கக் கூடாது என்று போடுவது.

அதனால் கமிட்டியிடம் போய்ச் சட்டம் 65 என்று சொன்னால் முறைப்பார்கள். ‘அறிவிப்பை காலையும் சாயந்தரமும் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் பாட்டு வேண்டாம்’ என்று கேளுங்கள். அறிவிப்பை விட மாட்டார்கள், பாட்டை விட்டுவிடுவார்கள்.

மைக்செட்காரன் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். மைக்செட் போடுகிறவன் நான், கடலூர் முதுநகரிலிருந்து பாகூர் வரை போவேன். எல்லாரும் எங்களைத் திட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கமிட்டி எங்களிடம் கேட்பது சத்தம் இல்லை, எண்ணிக்கை. ‘பக்கத்துத் தெருவில் பன்னிரண்டு குழாய், நமக்குப் பதினாறு போடு.’ குழாய் கூடாது என்று போலீஸ் சொல்லும், பர்மிஷன் தாளிலும் இருக்கும். பாக்ஸ் மட்டும் போடுகிறேன் என்றால் ‘திருவிழா மாதிரியே இல்லையே’ என்று அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள். இளைஞர் மன்றம் பேஸ் பாக்ஸ், அதாவது அடித்தொனியில் அதிர்கிற ஸ்பீக்கர் பெட்டி, கேட்கும். வாத்தியார் ஒன்று விட்டுவிட்டார்: குழாய்க்குப் பேஸ் கிடையாது, அது சுவரில் கொஞ்சம் அடைபடும். பேஸ் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து நெஞ்சில் அடிக்கும். குழாயை இறக்கிவிட்டு நாலு பேஸ் பாக்ஸ் வைத்தால் உங்கள் நிலைமை இன்னும் மோசம்.

குறைந்த சத்தத்தில் தெரு முழுக்கக் கேட்க ஒரு வழி உண்டு. தலைக்கு மேலே உயரத்தில் இரண்டு பெரிய குழாய்க்குப் பதிலாக, இருபது அடிக்கு ஒரு சின்ன பாக்ஸ், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, தெருவை நோக்கிக் கீழே சாய்த்து. ஒவ்வொன்றும் மெதுவாகப் பாடினால் போதும். தெருவில் நடக்கிறவனுக்கு நன்றாகக் கேட்கும், அடுத்த தெருவுக்குப் போகாது. ஒயர் அதிகம், வேலை அதிகம், வாடகையும் கொஞ்சம் கூடும். ஒரு கமிட்டியும் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை. ஒரு கல்யாண வீடு மட்டும் ஒத்துக்கொண்டது, அது டாக்டர் வீடு.

தம்பி, உடனடியாக ஒன்று செய்யுங்கள். குழாயின் சத்தம் முன்பக்கம் கூராகப் போகும். பக்கவாட்டில் நிறையக் குறையும். உங்கள் ஜன்னலைப் பார்க்கிற குழாயைச் செட் போட்ட பையனிடம் சொல்லி கோயில் வாசல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கமிட்டிக்குக் கூடத் தெரியாது, குழாய் எண்ணிக்கை அதேதான். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

நாத்திகன் 51 எழுதியது:

பகுத்தறிவு தோற்றது, டீ ஜெயித்தது.

ஓய்வு பெற்ற இயற்பியல் எழுதியது:

குழாய் ஒலியைத் திசைப்படுத்துகிறது என்பதும் இயற்பியல்தானே ஐயா.

மூணாவது ஷிப்ட் எழுதியது:

நேற்று சாயந்தரம் போனேன். அக்கா சொன்னபடிதான் பேசினேன், 65 என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. காலை ஆறுக்கு மேல்தான் பாட்டு, எட்டு முதல் இரண்டு வரை அறிவிப்பு மட்டும் என்று கமிட்டித் தலைவர் ஒத்துக்கொண்டார். அவர் வீடு கோயிலுக்குக் கிழக்கே. இளைஞர் மன்றத்துப் பையன்களுக்கு முகம் சுருங்கியது, அவர்கள் சம்மதித்ததாக நினைக்கவில்லை. குழாயைத் திருப்பியாயிற்று. ஜன்னலில் அதே போனை வைத்துப் பார்த்தேன், 11 குறைந்திருக்கிறது. இன்னும் கேட்கிறது, தூங்க முடிகிறது. செடல் அன்றைக்கு எதுவும் பேச முடியாது, அன்று லீவு போடுகிறேன்.

கோர்ட் வளாகம் எழுதியது:

நல்லது. ஆனாலும் ஒப்புக்கொண்டதை ஒரு தாளில் எழுதித் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவையுங்கள். அடுத்த வருஷம் கமிட்டி மாறும்.

பண்ருட்டிப் பலா எழுதியது:

சரி, எங்கள் பக்கத்தில் கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது. மூடிய மண்டபம் என்று சொல்லி ராத்திரி ஒரு மணி வரை டிஜே போடுகிறார்கள். சன்னலெல்லாம் திறந்தே இருக்கிறது. அது மூடிய இடமா?

கோர்ட் வளாகம் எழுதியது:

இரவுத் தடையில் மூடிய இடத்துக்குத் தரும் விதிவிலக்கு, மண்டபத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும்தான். தனியார் இடமாக இருந்தால் அதன் எல்லையில் அளவைவிட 5 டெசிபல்தான் கூடலாம், கோயிலுக்குத் தரும் 10கூட இல்லை. இதற்குத் தனி இழை போடுங்கள், விவரமாகச் சொல்கிறேன். மண்டபத்துக்கு எந்தப் பக்கம் உங்கள் வீடு என்பதையும் எழுதுங்கள், வாத்தியார் கேட்பார்.